சென்னை மொட்டை மாடியில் சிறு காற்றாலை: அளப்பது முதல் புயலுக்கு இறக்குவது வரை

கடையில் "1 கிலோவாட்" என்று எழுதி விற்கும் சிறு காற்றாலைகளில் பலவற்றின் இறக்கை வட்டம் 2 மீட்டர் குறுக்களவுதான். அந்த 1 கிலோவாட் கிடைக்க, காற்று வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் விடாமல் அடிக்க வேண்டும். சென்னையில் நாள் முழுக்க அப்படிக் காற்றடித்தால் பள்ளிக்கு லீவு விட்டிருப்பார்கள். ஆகவே இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் மாடியின் காற்றைப் பற்றி யோசியுங்கள்.

கணக்கு எளிது. காற்றின் அடர்த்தியில் பாதி, இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பு, காற்று வேகத்தின் மும்மடி (வேகம் × வேகம் × வேகம்), இந்த மூன்றையும் பெருக்கினால் அந்த வட்டத்தின் வழியாகப் போகும் ஆற்றல் வாட்டில் வரும். சென்னை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ. 2 மீட்டர் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தைக் கடப்பது 49 வாட். அதையும் முழுதாகப் பிடிக்க முடியாது. காற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்குப் போக வழியில்லை. எந்த இறக்கையாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். சிறு காற்றாலையில் பேரிங், ஜெனரேட்டர், ஒயர் எல்லாவற்றின் இழப்பும் போக நாலில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே நல்ல இயந்திரம். ஆக 3 மீட்டர் காற்றில் வருவது 12 வாட், ஒரு எல்.இ.டி. பல்பு. 6 மீட்டரில் அது எட்டு மடங்காகி 100 வாட்டை நெருங்கும். 9 மீட்டரில் 330 வாட். வேகம் கொஞ்சம் கூடினால் மின்சாரம் எகிறும், கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே மிஞ்சாது.

நாள் முழுவதும் காற்று கூடிக் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுச் சராசரி 3 மீட்டர் உள்ள இடத்தில் இந்த 2 மீட்டர் காற்றாலை நாளுக்கு அரை யூனிட் தரும். 4 மீட்டரில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், 5 மீட்டரில் இரண்டேகால் யூனிட். சென்னை வெயிலில் 1 கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கிறது, அதுவும் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல். உங்கள் மாடியில் சராசரி 4 மீட்டருக்குக் குறைவு என்றால் காற்றாலையை மறந்துவிட்டு சோலார் போடுங்கள். இதைச் சொல்லாமல் விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

சென்னைக் காற்று

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற பழமொழியை அப்படியே காட்டுவது ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட வழி தேடி அந்த இடைவெளிகளில் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பது அதனால்தான். சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்குக் கிடைப்பது முக்கியமாகக் கடல்காற்று: கோடையில் நண்பகல் வாக்கில் கிளம்பி மாலைவரை தென்கிழக்கிலிருந்து அடிப்பது. ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று பிற்பகல் வரை உள்ளே வராமல் மல்லுக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. மேகம் மூடி சோலார் படுத்துவிடும் நாட்களில் இது கைகொடுக்கும். சென்னையில் காற்றாலைக்கு உண்மையான நியாயம் சோலாரோடு சேர்ந்த இந்தத் துணை வேலைதான்.

கடல்காற்று கரையைத் தாண்டியதும் கட்டடங்களில் முட்டி வேகத்தை இழக்கிறது. நீலாங்கரைக்குத் தெற்கே ஈ.சி.ஆர். ஓரம் கடலைப் பார்த்த மனை, முதல் வரிசையில் நிற்கும் உயரமான அடுக்குமாடி, கோவளம் பக்கம் திறந்த தோட்டம் என்றால் முயன்று பார்க்கலாம். தி.நகரிலோ மயிலாப்பூர்ச் சந்துகளிலோ மூன்று மாடி வீட்டின் மேல் வைப்பது அலங்காரத்துக்கு ஆகும்.

முதலில் அளவுகோல்

கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானி ஒன்றும், அதன் துடிப்புகளை எண்ணிச் சேமிக்கும் டேட்டா லாகர் ஒன்றும் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் மெமரி கார்டும் வைத்தே லாகர் செய்துகொள்ளலாம். 10 நிமிடத்துக்கு ஒரு சராசரி பதிவாக வேண்டும். நாளுக்கு 144 பதிவு. உச்ச வேகத்தையும் தனியாகப் பதியச் செய்யுங்கள், கம்பத்தின் பலத்தைக் கணக்கிட உதவும். ஓராண்டு அளந்தால் நல்லது. முடியாதென்றால் மே முதல் ஜூலை வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் கட்டாயம். மே மாதத்தை மட்டும் அளந்து ஆண்டு முழுவதுக்கும் பெருக்கினால் ஏமாற்றம் நிச்சயம்; ஜனவரியும் பிப்ரவரியும் சோம்பல் மாதங்கள்.

காற்றுவேகமானியைத் தண்ணீர் டேங்கின் பக்கவாட்டில் கட்டுவது வழக்கமான தவறு. இறக்கை எந்த உயரத்தில் சுழலப் போகிறதோ அந்த உயரத்திலேயே வையுங்கள்.

உயரத்தை முடிவுசெய்ய ஒரு மலிவான சோதனை உண்டு. 6 மீட்டர் மூங்கிலையோ பைப்பையோ மாடியில் நிறுத்தி, மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய ரிப்பன் கட்டுங்கள். நல்ல காற்று நேரத்தில் பார்த்தால் கீழ் ரிப்பன்கள் திசை தெரியாமல் துடிக்கும், சில பின்பக்கமாகக்கூடப் பறக்கும். சுவரில் மோதிய காற்று மேலே எகிறி, மொட்டை மாடியின் மேல் சுழலாகப் புரள்வதால் வருவது இது. எந்த ரிப்பனிலிருந்து மேலே எல்லாம் ஒரே திசையில் நீண்டு நிற்கிறதோ, இறக்கை வட்டத்தின் அடிப்புள்ளி அதற்கும் மேலே இருக்க வேண்டும். சுழற்காற்றில் காற்றாலை அடிக்கடி முகம் திருப்பும். மின்சாரம் குறையும், பேரிங்கும் இறக்கையின் வேர்ப்பகுதியும் சீக்கிரம் தேயும்.

தரையில் நடுவதென்றால் பொது விதி, சுற்றி 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 9 மீட்டர் உயரம். தென்னந்தோப்பு நடுவே 10 மீட்டர் கம்பம் நடுவது பணத்தைத் தோப்பில் போடுவதுதான்.

தோட்டத்தில் இரண்டு மூன்று காற்றாலை வைத்துச் சிறு பண்ணையாக்கும் எண்ணம் இருந்தால் இடைவெளி பாருங்கள். முன்னால் நிற்பது காற்றைப் பிழிந்தெடுத்துவிட்டு சக்கையைத்தான் பின்னால் அனுப்பும். காற்று வரும் திசையில் இறக்கைக் குறுக்களவைப்போல் 7 மடங்கு, பக்கவாட்டில் 5 மடங்கு விடுவது பெரிய பண்ணைகளின் வழக்கம். நம் 2 மீட்டர் வட்டத்துக்கு அது 14 மீட்டர், 10 மீட்டர். கடலோர மனையில் வடக்கு தெற்காக ஒரே வரிசையாக நிறுத்தினால் தென்கிழக்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் ஓரளவு எல்லாவற்றுக்கும் கிடைக்கும்.

உள்ளே நடப்பது

இறக்கை காற்றால் தள்ளப்பட்டுச் சுற்றுவதில்லை. விமான இறக்கைபோல் ஒரு பக்கம் வளைந்த அதன் மேல் காற்று ஓடும்போது இரு பக்கமும் அழுத்தம் வேறுபட்டு, அந்த வேறுபாடு அதைச் சுற்று திசையில் இழுக்கிறது. அதனால் நுனி காற்றைவிட வேகமாக ஓட முடிகிறது. மூன்று இறக்கை இயந்திரத்தில் நுனி வேகம் காற்றின் ஆறு மடங்கு வரை போகும். 8 மீட்டர் காற்றில் நம் காற்றாலை நிமிடத்துக்கு 460 சுற்று.

பழைய கால் மெகாவாட் (250 கிலோவாட்) காற்றாலைகள் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடி, கியர் பெட்டி வழியாக 1000, 1500 சுற்றுக்கு ஏற்றி ஜெனரேட்டரை ஓட்டும். சிறியதற்கு அந்தத் தொல்லை இல்லை. இறக்கைத் தண்டிலேயே நிரந்தரக் காந்தங்கள் இருக்கும். அவை செம்புச் சுருள்களைக் கடக்கும்போது, 1831-இல் ஃபாரடே கண்டபடி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மூன்று தொகுதிச் சுருள், ஆகவே மூன்று ஃபேஸ் ஏ.சி. 16 துருவம் உள்ள ஜெனரேட்டர் 460 சுற்றில் 61 ஹெர்ட்ஸ் தரும். காற்று பாதியானால் 30 ஹெர்ட்ஸ். அழுத்தமும் அதிர்வெண்ணும் இப்படி ஏறி இறங்குவதால் வீட்டுச் சாமானை நேராக இணைக்க முடியாது. ரெக்டிஃபையரில் டி.சி. ஆக்கி, பேட்டரியில் சேர்த்து, இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் எடுக்கிறோம்.

செங்குத்து அச்சு வகை பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகு, எந்தத் திசைக் காற்றையும் வாங்கும், சத்தம் குறைவு. ஆனால் டிரம்மைப் பிளந்ததுபோன்ற சவோனியஸ் வகையில், பாதி வட்டம் காற்றை எதிர்த்தே திரும்ப வேண்டும். அதே பரப்பில் கிடைக்கும் மின்சாரம் கிடைமட்ட வகையைவிட வெகு குறைவு. வாங்கும்போது கிலோவாட் எண்ணைப் பார்க்காதீர்கள். வட்டத்தின் பரப்பையும், 4, 5, 6 மீட்டர் காற்றில் எத்தனை வாட் என்ற வரைபடத்தையும் கேளுங்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் சிறு காற்றாலைகளைப் பரிசோதித்துப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ளதா என்று கேட்டால் பாதி விற்பனையாளர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

மாடி தாங்குமா

வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால், அதாவது தேக்கு மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம் என்றால், இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரையிலும் கம்பத்தின் அடியும், அதை நாலாபக்கமும் இழுத்துக் கட்டும் ஸ்டே ஒயர்களின் பிடிகளும் தூணும் பீமும் சேரும் இடங்களில்தான் வர வேண்டும். கைப்பிடிச் சுவர் வெறும் செங்கல். அதில் கிளாம்ப் போட்டால் முதல் சூறையில் சுவரோடு வரும்.

இந்திய கட்டுமானத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு அழுத்தம் சுமார் 148 கிலோ. 3 அங்குல ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளத்துக்கு, பைப் மட்டுமே 70 முதல் 95 கிலோ வரை தள்ளுதலை வாங்கும். பிரேக் போட்டு நிற்கும் இறக்கைகள் 50 கிலோ வாக்கில் சேர்க்கும். இது தாங்கும்தான். பிரேக் பிடிக்காமல் 25 மீட்டர் காற்றில் முழு வட்டமாகச் சுழலும் இறக்கைக்கோ 100 கிலோவுக்கு மேல் தள்ளுதல் வரும், அதுவும் கம்பத்தின் உச்சியில், உதறலோடு. காற்றாலைகளை வீழ்த்துவது அதுதான். கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்த எண்களைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மீனம்பாக்கம், தாம்பரம் விமான தளங்களின் சுற்றுவட்டத்தில் இருந்தால் உயர அனுமதியையும் பார்த்துவிடுங்கள்.

கம்பத்தின் அடியில் கீல் வைத்த, சாய்த்து இறக்கக்கூடிய அமைப்பையே செய்யுங்கள். ஏன் என்பது புயல் பகுதியில் தெரியும். அடித்தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் கனமான ரப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் இரவில் கீழ் வீட்டுப் படுக்கையறையில் ரீங்காரம் கேட்கும், மறுநாள் சண்டை வரும். துளையிட்ட இடங்களில் மழைநீர் இறங்காதபடி பூச்சு மறக்க வேண்டாம்.

பாரிமுனைத் தெருக்களில் 6 மில்லிமீட்டர் கால்வனைஸ் ஒயர் ரோப், ஒயரைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள், யூ கிளாம்ப் எல்லாம் கிடைக்கும். நான்கு ஸ்டே, 90 பாகைக்கு ஒன்று, அடியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி. ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப். கிளாம்பின் அகன்ற சேணப்பகுதி சுமை தாங்கும் ஒயரின் மேலும், வளைந்த யூ கம்பி வெட்டிய வால் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி சுமை தாங்கும் ஒயரையே நசுக்கி அறுக்கும். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் என்றால் போல்ட்டும் நட்டும் 316 வகை ஸ்டெயின்லெஸ். சாதாரண போல்ட் ஓரிரு ஆண்டில் உப்பில் உதிரும்.

மின் இணைப்பு

24 வோல்ட் வேண்டாம், 48 போடுங்கள். 300 வாட் வரும்போது 20 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மூன்று இழுத்தால், 24 வோல்ட்டில் ஒயரிலேயே 27 வாட் சூடாகிப் போகும். 48 வோல்ட்டில் 7 வாட்தான்.

வரிசை இப்படி: காற்றாலை, மூன்று துருவ பிரேக் சுவிட்ச், ரெக்டிஃபையரோடு கூடிய கன்ட்ரோலர், டி.சி. ஃபியூஸ், பேட்டரி, இன்வெர்ட்டர். காற்றாலையிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் ஒயரில் ஃபியூஸ் வைக்காதீர்கள். அது உருகினால் காற்றாலைக்குச் சுமை போய்விடும், கட்டவிழ்த்த மாடுபோல் ஓடும். பிரேக் சுவிட்ச் மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று சேர்க்கும். சுருள்களில் ஓடும் மின்னோட்டமே காந்தத்தைப் பிடித்து நிறுத்தும். டி.சி. பக்கத்தில் சாதாரண ஏ.சி. எம்.சி.பி. போட்டால் துண்டிக்கும்போது தீப்பொறி அணையாமல் நின்று எரியும், டி.சி.க்கு என்று குறித்ததையே வாங்குங்கள்.

பேட்டரிக்கு 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் நான்கு. மொத்தம் 7.2 யூனிட், ஆயுள் நீடிக்கப் பாதியை மட்டும் எடுங்கள். நிரம்பியபின் வரும் மின்சாரம் எங்கே போகும்? சோலார் என்றால் துண்டித்துவிடலாம், காற்றாலையைத் துண்டிக்கக் கூடாது. அதனால் டம்ப் லோடு வேண்டும்: 57.6 வோல்ட்டைத் தொட்டதும் கன்ட்ரோலர் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டருக்குத் திருப்பும். 3.3 ஓம் போட்டால் 1000 வாட் உறிஞ்சும். தாங்குதிறன் 1500 வாட்டாவது இருக்கட்டும். காய்ந்த இஸ்திரிப் பெட்டிபோல் கொதிக்கும், ஆகவே வெறும் சிமெண்ட் சுவரில், காற்றோட்டத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி.

இன்வெர்ட்டர் வெளியீட்டை ஈ.பி. லைனோடு ஒட்டாமல் தனி சர்க்யூட்டாகவோ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாகவோ கொடுங்கள். லைனில் வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது. கம்பத்துக்குத் தனி எர்த், 5 ஓமுக்குள். இடி தாங்க சர்ஜ் அரெஸ்டரும்.

ஏற்றும் நாள்

காலை 6 மணிக்குத் தொடங்குங்கள், காற்று எழுமுன்.

1. மூன்று இறக்கைகளையும் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். சில கிராமுக்கு மேல் வித்தியாசம் என்றால் செட்டையே திருப்பிக் கொடுங்கள்.
2. பொருத்தியபின் நுனிக்கு நுனி அளக்க வேண்டும். 2 மீட்டர் வட்டத்தில் மூன்று இடைவெளியும் 1.73 மீட்டராக, 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பம் தலையாட்டும்.
3. மூன்று ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுங்கள். ஏற்றும்போது இறக்கை சுற்றக் கூடாது.
4. படுத்த கம்பத்தின் அடியில் செங்குத்தாக 3 மீட்டர் துணைக்கம்பம் வைத்து, அதன் நுனியை 1 டன் கைவின்ச்சால் இழுங்கள். தொடக்கத்தில்தான் பாரம் அதிகம், 160, 170 கிலோ வரை. நிமிர நிமிரக் குறையும். கடைசிச் சில பாகையில் தானாக மறுபக்கம் விழப் பார்க்கும். பின்பக்க ஸ்டே முன்பே சரியான நீளத்தில் கட்டியிருந்தால் அது பிடிக்கும்.
5. பக்க ஸ்டே இரண்டின் பிடிகளும் கீலின் அச்சுக்கு நேர்கோட்டில் இருந்தால்தான் ஏறும்போது தளராது, இறுகாது. இதைத் தவறவிட்டவர்கள்தான் பாதியில் கம்பத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள்.
6. தூக்குநூல் பார்த்து, டர்ன்பக்கிளை இறுக்கி, கம்பியால் பூட்டுங்கள். பேட்டரி முதலில், காற்றாலை ஒயர் கடைசியில்.

கம்பம் சாயும் எல்லைக்குள் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் உட்பட.

கெட்டுப்போவது எங்கே

உறுமலோடு அதிர்ந்தால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். காற்றில்லா நேரத்தில் கம்பத்தைச் சாய்த்து, ஒயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இறக்கையைக் கையால் சுற்றுங்கள். மூன்று சோடியும் ஒரே அளவு கனக்க வேண்டும். ஒரு சோடி மட்டும் கனத்து மற்ற இரண்டும் லேசாக இருந்தால், அந்தச் சோடியில் சேராத ஒயரின் வழியில்தான் இணைப்பு விட்டிருக்கிறது. பெரும்பாலும் ஸ்லிப் ரிங்கில், அதாவது காற்றாலை திரும்பினாலும் ஒயர் முறுக்காமல் மின்சாரத்தைக் கீழே கடத்தும் வளையத்தில், உப்பு படிந்து கார்பன் பிரஷ் தொடாமல் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் வராது.

நல்ல காற்றிலும் சுற்ற மறுத்தால் பிரேக் சுவிட்ச் போட்டபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ரெக்டிஃபையர், அதில் டயோடு ஷார்ட் ஆனாலும் பிரேக் போட்டதுபோல்தான் நிற்கும். அதுவும் இல்லையென்றால் மேலே பாருங்கள். சென்னையில் காத்தாடி என்றால் பட்டம்தான். ராயபுரம், காசிமேடு பக்கம் மாஞ்சா நூல் தண்டில் சுற்றிக்கொண்டு பேரிங் சீலை அறுத்துவிடும். தடை இருந்தும் நூல் வந்துகொண்டுதான் இருக்கிறது. சீல் போன பேரிங்கில் ஒரே மழையில் தண்ணீர் இறங்கும்.

முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்க்கும் அன்றே ஸ்டே ஒயரையும் கையால் தட்டிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி அதிர வேண்டும்.

புயல் வந்தால்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது நகரம் முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்தன. காற்றாலையைக் காற்றின் பக்கம் திருப்பிவைக்கும் வாலை மடக்கி, இறக்கையைக் காற்றிலிருந்து விலக்கும் தானியங்கி அமைப்பு அன்றாடச் சூறைக்குப் போதும், புயலுக்குப் போதாது. நுங்கம்பாக்கம் வானிலை மையம் புயல் எச்சரிக்கை விட்டதும், காற்று எழுவதற்கு முந்தின நாளே வேலையை முடியுங்கள். பிரேக்கை மெல்லிய காற்றில்தான் போட வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது போட்டால் சுருள் கருகும், அல்லது பிடிக்காமலே ஓடும். பிரேக் போட்டு நின்றபின் ஏற்றிய வழியிலேயே தலைகீழாகக் கம்பத்தை இறக்கி, இறக்கைகளைக் கழற்றி மாடிப்படி அறைக்குள் வையுங்கள். படுத்த கம்பத்தை மூன்று இடத்தில் கட்டிப்போடுங்கள்.

மழை விட்டதும் ஏற்றும் அவசரம் வேண்டாம். ஸ்டே பிடிகளைச் சுற்றிப் புதுக் கீறல் இருக்கிறதா, கன்ட்ரோலர் பெட்டிக்குள் ஈரம் இருக்கிறதா, எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் ஒரு நாள் முழுக்க வெயிலில் திறந்துவைத்துவிட்டு, மறுநாள் காலை 6 மணிக்கு மீண்டும் வின்ச்சை எடுங்கள்.